"கிளட்ச் போச்சு"ன்னா உடனே தலையாட்டாதீங்க

போன ஞாயித்துக்கிழமை எங்க சொசைட்டி பார்க்கிங்ல ஒரு தம்பி காரைச் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டு இருந்தார். திருநெல்வேலிக்காரர், புனேவுக்கு வந்து ஆறு மாசம்தான் ஆச்சு. செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்கியிருக்கார். என்ன தம்பின்னு கேட்டேன்.

"கியரே விழ மாட்டேங்குதுண்ணே. சர்வீஸ் சென்டருக்கு போன் பண்ணேன். கிளட்ச் போச்சு, செட்டா மாத்தணும், 14,000 ஆகும்னுட்டாங்க."

"வண்டியைப் பார்த்தாங்களா?"

"இல்லண்ணே, போன்லயே சொல்லிட்டாங்க. நாளைக்குக் கொண்டு போய் விடணும்."

கேட்டதும் எனக்கு உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு. காரணம் இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

டிஸ்கி: நான் மெக்கானிக் கிடையாது. ஹிஞ்சவாடியில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஆணி புடுங்குற ஆளு. இங்க சொல்றதெல்லாம் காசும், காசைவிடப் பெரிசா ஒண்ணும் குடுத்துக் கத்துக்கிட்டது.

கொசுவத்தியைச் சுத்துவோம். 2023 பிப்ரவரி. எங்க அப்பா தவறி ஒரு வருஷம். முதலாம் ஆண்டு திதி ஞாயித்துக்கிழமை காலையில, திண்டுக்கல் பக்கத்துல எங்க ஊர்ல. நான் மூத்த பையன். அம்மா அப்போ புனேயில எங்களோடதான் இருந்தாங்க. ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்ல நின்னுச்சு. அம்மாவுக்கு முட்டி வலி வேற, அதனால கார்லயே போயிடலாம்னு முடிவு பண்ணோம். சுமார் 1,200 கிலோமீட்டர். தங்கமணியும் நல்லா ஓட்டுவாங்க. சனிக்கிழமை விடியக்காலை 4 மணிக்குக் கிளம்பி, மாத்தி மாத்தி ஓட்டினா நடுராத்திரி தாண்டி ஊர் போய்ச் சேந்துடலாம்னு கணக்கு. வெள்ளிக்கிழமை லீவு கிடைக்கல, ஆபீஸ்ல ரிலீஸ்.

கிளம்புறதுக்கு மூணு வாரம் முன்னாடி வண்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. ஏழு வயசான பெட்ரோல் ஹேட்ச்பேக், 62,000 கிலோமீட்டர் ஓடினது. ரிவர்ஸ் போட்டா 'கர்ர்ர்'னு சத்தம். சிக்னல்ல நின்னா முதல் கியர் முரண்டு பிடிக்கும். சரி, ஊருக்குப் போற வண்டியாச்சேன்னு சர்வீஸ் சென்டர்ல கொண்டு போய் விட்டேன்.

அங்க கவுன்டர்ல இருந்தவர் "க்யா ப்ராப்ளம் ஹை சார்?"ன்னார். நான் என்னோட பதிமூணு வருஷ ஹிந்தியை எல்லாம் திரட்டி, "கிளட்ச் மே ப்ராப்ளம் ஹை"ன்னேன். அவரும் ஜாப் கார்டுல 'கிளட்ச் ப்ராப்ளம்'னு அடிச்சார். கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் போன் வந்துச்சு, "சார், கிளட்ச் பிளேட் கயா, பூரா செட் டால்னா படேகா." நான் சொன்ன பதில் ரெண்டே வார்த்தை, "டீக் ஹை." பில் 11,400 ரூபாய்.

வண்டியை எடுத்துட்டு வந்தா கியர் வெண்ணெய் மாதிரி விழுது. எனக்கு ஒரே சந்தோஷம். தங்கமணிதான் ரெண்டு நாள் கழிச்சு, "டிரைவர் பக்கம் மேட் ஏன் பிசுபிசுன்னு இருக்கு?"ன்னு கேட்டாங்க. "ஷூவுல ஒட்டுன அழுக்கா இருக்கும்"னுட்டேன். அவங்க அன்னைக்குக் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. நான்தான் குனிஞ்சு பார்க்கல.

சனிக்கிழமை சொன்னபடி 4 மணிக்குக் கிளம்பியாச்சு. கம்பாட்கி காட் ஏத்தம் ஜம்முனு ஏறுச்சு. கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி எல்லாம் தாண்டியாச்சு. ஹாவேரி பக்கத்துல ஒரு ஸ்பீடு பிரேக்கருக்காக கிளட்சை மிதிச்சேன். மிதிச்ச பெடல் தரையோட தரையா ஒட்டிக்கிச்சு, மேல வரவே இல்ல. ஷூ நுனியால தூக்கித் தூக்கி, நாலஞ்சு தடவை அமுக்கி அமுக்கி கியர் போட்டு, எப்படியோ ஒரு சின்ன பட்டறை வரைக்கும் ஓட்டிட்டேன்.

பட்டறைப் பையனுக்கு இருபத்தஞ்சு வயசு இருந்தா அதிகம். அவன் பானெட்டைக்கூடத் திறக்கல. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தான், தரையில முட்டி போட்டான், பெடலுக்கு மேல கையை விட்டுத் துடைச்சான், ஈர விரலை என்கிட்ட நீட்டினான். "மாஸ்டர் சிலிண்டர் லீக்." மொத்தம் அரை நிமிஷம். ஒரு நட்டுகூடக் கழட்டல.

அந்தப் பார்ட் ஹூப்ளியிலேர்ந்து வரணும். ஒரு மணி நேரம்னாங்க, அப்புறம் ரெண்டு மணி நேரம், அப்புறம் சாயங்கால பஸ்ல வந்துடும்னாங்க. இதோ வந்துடும், இதோ வந்துடும்னு வேற வண்டி பிடிக்கிற நேரத்தையும் கோட்டை விட்டுட்டேன். ராத்திரி எட்டு மணிக்குத்தான் இன்னைக்கு வராதுன்னு தெரிஞ்சுது. மறுநாள் காலை 11 மணிக்குப் பார்ட் வந்துச்சு. கூலியோட சேர்த்து 2,150 ரூபாய்.

அந்த 11 மணிக்கு எங்க ஊர்ல திதி முடிஞ்சு போச்சு. தம்பிதான் உக்காந்து செஞ்சான். ஹாவேரியில லாட்ஜ் ரூம்ல, விட்டு விட்டு வந்த வீடியோ கால்ல அம்மா அதைப் பார்த்தாங்க. எங்க அப்பா முப்பது வருஷம் பஸ் டிரைவரா இருந்தவர். போனை வச்சதும் அம்மா என்னைத் திட்டல. "அவர் இருந்திருந்தா ஊர்லேர்ந்து கிளம்புறதுக்கு முன்னாடியே குனிஞ்சு பார்த்திருப்பார்"னு மட்டும் சொன்னாங்க. அதுக்குத் திட்டியே இருக்கலாம்.

புனே திரும்பினதும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மரியாதையாத்தான் பேசினாங்க. கழட்டின பழைய பிளேட் எங்கேன்னு கேட்டேன், ஸ்கிராப்ல போயிடுச்சுன்னாங்க. ஜாப் கார்டுல 'கிளட்ச் ப்ராப்ளம்', பில்லுல 'கிளட்ச் செட்', கீழ என் கையெழுத்து. எல்லாம் சரியா இருக்கு. அந்தப் பழைய பிளேட் நிஜமாவே தேய்ஞ்சிருந்துச்சா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஏன்னா நான் பார்க்கணும்னு கேக்கவே இல்ல.

இப்ப என் கருத்துக்கு வரேன். 'கிளட்ச் போச்சு'ங்கிறது ஒரு நோயோட பேரே கிடையாது. டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்ல"ன்னு சொல்ற மாதிரிதான். அதுக்குள்ள நேர் எதிரான ரெண்டு நோய் இருக்கு. எதுன்னு தெரியாம வைத்தியம் பார்க்கிறவங்ககிட்ட வண்டியை விடக்கூடாது, எதுன்னு சொல்லத் தெரியாம நாமளும் போய் நிக்கக்கூடாது. இதுக்கு இன்ஜினியரிங் படிப்பு வேணாம், பத்து நிமிஷம் போதும்.

கிளட்ச் என்ன பண்ணுதுன்னு நாலு வரியில பார்த்துடுவோம். இன்ஜினோட சுத்துறது ஃப்ளைவீல். கியர் பாக்ஸோட சுத்துறது கிளட்ச் பிளேட். பிரஷர் பிளேட்டுன்னு ஒண்ணு தன்னோட ஸ்பிரிங் பலத்துல இந்த ரெண்டையும் ஒட்டிப் பிடிச்சு வச்சிருக்கும். நாம பெடலை மிதிச்சா கேபிள் வழியாவோ, ஆயில் அழுத்தம் வழியாவோ ரிலீஸ் பேரிங் போய் அந்த ஸ்பிரிங்கை அமுக்கும், பிடி விட்டுடும். பெடலை விட்டா மறுபடி பிடிக்கும். ஆக கிளட்சுக்கு வேலை ரெண்டே ரெண்டுதான், பிடிக்கணும், விடணும். அதனால வியாதியும் ரெண்டுதான். ஒண்ணு, பிடிக்க வேண்டிய நேரத்துல பிடிக்காம வழுக்குறது. இன்னொண்ணு, விட வேண்டிய நேரத்துல முழுசா விடாம இழுக்குறது.

முதல்ல வழுக்குற வியாதி. ஆக்ஸிலேட்டர் மிதிச்சா இன்ஜின் கத்தும், ஸ்பீடு ஏறாது. ஏத்தத்துல, வண்டி நிறைய ஆள் இருக்கும்போது, பெரிய கியர்லதான் இது முதல்ல தெரியும். சோதிக்கணும்னா காலி ரோட்டுல நாலாவது கியர்ல 40, 50ல போகும்போது ஆக்ஸிலேட்டரை நல்லா மிதிங்க. ஆர்பிஎம் முள் மட்டும் சட்டுன்னு எகிறி, ஸ்பீடாமீட்டர் முள் சோம்பேறித்தனமா ஏறுச்சுன்னா வழுக்குதுன்னு அர்த்தம். நின்ன இடத்துலயும் பார்க்கலாம். முன்னாடி ஆளோ சுவரோ இல்லாத சமதளத்துல ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வலது காலால பிரேக்கையும் அமுக்கி, மூணாவது கியர் போட்டு கிளட்சை மெதுவா விடுங்க. இன்ஜின் உதறி அணைஞ்சுடணும். அணையாம ஓடிக்கிட்டே இருந்தா பிடி இல்ல. ஒரு தடவை செஞ்சா போதும். திரும்பத் திரும்பச் செஞ்சா நல்லா இருக்கிற பிளேட்டும் கருகிடும்.

வழுக்கல்னா பெரும்பாலும் பிளேட் தேய்ஞ்சிருக்கும், இல்ல பிரஷர் பிளேட் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். இன்ஜின் பின்பக்க ஆயில் சீல்லேர்ந்தோ கியர் பாக்ஸ் சீல்லேர்ந்தோ ஆயில் கசிஞ்சு பிளேட்டை நனைச்சிருந்தாலும் வழுக்கும். அந்தக் கேஸ்ல சீலை மாத்தாம பிளேட்டை மட்டும் மாத்தினா புதுப் பிளேட்டும் நனைஞ்சு, திரும்ப அதே செலவு. கேபிள் வண்டியா இருந்தா, கேபிளை ரொம்ப இறுக்கி வச்சிருந்தாலும் வழுக்கும். பெடல் மேல கொஞ்சம் லூசு இருக்கான்னு முதல்ல பார்க்கணும். அதை அட்ஜஸ்ட் பண்றது சில நிமிஷ வேலை.

ரெண்டாவது, விடாம இழுக்குற வியாதி. என் வண்டிக்கும் இந்தத் தம்பி வண்டிக்கும் வந்தது இதுதான். பெடலை முழுசா மிதிச்சாலும் பிளேட் இன்ஜினோட ஒட்டிக்கிட்டுச் சுத்திக்கிட்டே இருக்கும். அதனால கியர் விழாது, ரிவர்ஸ்ல கர்ர்ர்னு அடிக்கும். இதுக்கு மூணு சோதனை. மூணுமே நின்ன இடத்துல செய்யலாம்.

ஒண்ணு: இன்ஜினை அணைச்சுட்டு எல்லா கியரும் போட்டுப் பாருங்க. அப்ப வழுவழுன்னு விழுது, இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடிக்குதுன்னா கிளட்ச் இழுக்குது. அணைச்சாலும் அதே முரண்டுன்னா கியர் லீவர் லிங்கேஜையோ கியர் பாக்ஸையோ சந்தேகப்படுங்க, கிளட்சைத் திட்டாதீங்க.

ரெண்டு: இன்ஜின் ஐடில்ல ஓடட்டும். பெடலை அடி வரைக்கும் மிதிச்சு, ஒரு பத்து எண்ணிட்டு ரிவர்ஸ் போடுங்க. பத்து எண்ணுறதுக்குள்ள உள்ள சுத்துறதெல்லாம் நின்னிருக்கணும். அப்பவும் பல்லு நறநறன்னு கடிச்சா இழுக்குதுன்னு உறுதி.

மூணு: பெடலை நாலஞ்சு தடவை பம்ப் மாதிரி அமுக்கிட்டு கியர் போடுங்க. அப்ப சட்டுன்னு விழுந்துடுச்சுன்னா கோளாறு பெரும்பாலும் ஆயில் அழுத்தப் பாதையில, அதாவது லைன்ல காத்து இருக்கு, இல்ல மாஸ்டர் சிலிண்டரோ கீழ இருக்கிற ஸ்லேவ் சிலிண்டரோ கசியுது. பிளேட் மேல பழி போட வேண்டாம்.

இந்த மூணுக்கும் அப்புறம் குனியணும். பெடல் மேல்பக்கம் ஈரம் இருக்கா, மேட் பிசுபிசுக்குதா, கியர் பாக்ஸ் பக்கம் ஒழுகியிருக்கா? பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவையும் பாருங்க. நிறைய கார்கள்ல பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். பிரேக் ஆயில் குறைஞ்சுக்கிட்டே வருதேன்னு ஊத்தி ஊத்தி நிரப்பினா நோயை மூடி வைக்கிறோம்னு அர்த்தம். என் வண்டி மூணு வாரம் வெண்ணெய் மாதிரி ஓடின ரகசியம் இதுதான். கியர் பாக்ஸைக் கழட்டி மாட்டும்போது லைன்ல காத்தை எடுத்து ஆயிலை நிரப்பிட்டாங்க. மறுபடி கசிஞ்சு தீர மூணு வாரம் ஆச்சு.

கேபிள் வண்டின்னா கேபிள் நீண்டு போயிருக்கும், இல்ல உள்ள கம்பி ஒவ்வொரு இழையா அறுந்துக்கிட்டு இருக்கும். பெடல் நாளுக்கு நாள் கனமாயிட்டே வருதுன்னா கேபிளை முதல்ல பாருங்க. அது மொத்த செட்டோட விலையில ஒரு சின்ன பங்குதான் ஆகும், கியர் பாக்ஸை இறக்கவும் வேண்டாம்.

சத்தத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கியர் நியூட்ரல்ல இருக்கும்போது பெடலை மிதிச்சா கிர்ர்னு சத்தம், விட்டா இல்லன்னா ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படலாம். பெடலை விட்டிருக்கும்போது சத்தம், மிதிச்சா நின்னு போகுதுன்னா கியர் பாக்ஸுக்குள்ள இருக்கிற பேரிங் பக்கம் பார்க்கணும். வண்டி கிளப்பும்போது உதறுதுன்னா பிளேட்ல ஆயில் பட்டிருக்கலாம், ஃப்ளைவீல் சூட்டுல அங்கங்க கருத்திருக்கலாம். ஆனா இன்ஜின் மவுன்டிங் கிழிஞ்சிருந்தாலும் இதே உதறல்தான் வரும். மவுன்டிங்கைப் பார்க்காம கிளட்சை இறக்க விடாதீங்க.

இவ்வளவு தெரிஞ்சா சர்வீஸ் சென்டர்ல "கிளட்ச் ப்ராப்ளம்"னு சொல்ல மாட்டோம். "இன்ஜின் பந்த் ஹை தோ கியர் லக்தா ஹை, சாலூ ஹை தோ நஹி லக்தா, பம்ப் கர்னே ஸே லக்தா ஹை"ன்னு சொல்வோம். கவுன்டர்ல இருக்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார். அதை அப்படியே ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க. மராத்தியோ ஹிந்தியோ இலக்கணம் தப்பா இருந்தா பரவாயில்ல, அறிகுறி சரியா இருந்தா போதும். கூடவே இன்னொரு வாக்கியம் மனப்பாடம் பண்ணிக்கோங்க: "புரானா பார்ட் முஜே சாஹியே." பழைய பார்ட் எனக்கு வேணும். இதை வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லி எழுத வச்சுடணும். பில் போடும்போது கேட்டா ஸ்கிராப்ல போயிருக்கும். பழைய பிளேட்ல ரிவெட் தலை வரைக்கும் மெட்டீரியல் தேய்ஞ்சிருந்தா அவங்க செஞ்சது சரி, நன்றி சொல்லிட்டுக் காசு குடுங்க.

அதையும் சொல்லணும். எல்லா சர்வீஸ் சென்டரும் ஏமாத்துதுன்னு நான் சொல்ல வரல. எங்க ஆபீஸ் நண்பர் ஒருத்தர் காத்ரஜ் காட்ல ஏறும்போது வண்டி கத்துது, நகரலைன்னார். வழுக்கல்தான். செட் மாத்தச் சொன்னாங்க, மாத்தினார், பழைய பிளேட்டைப் பார்த்தார், மொழுக்கட்டையா இருந்துச்சு. அங்க அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. கியர் பாக்ஸை இறக்கினா பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் சேர்த்து மாத்தணும்னு சொல்றதும் நியாயம்தான். கூலி அவ்வளவு ஆகுது, ஒரு பேரிங்குக்காக ரெண்டாவது தடவை யாரு இறக்குவா? என் சண்டை அந்தச் செலவோட இல்ல. எந்த நோய்னு பார்க்காம அந்தச் செலவை நம்ம தலையில கட்டுறதோடதான்.

நாம ஏன் தலையாட்டுறோம்? ஊர்ல இருந்தா இப்படி ஆட்டியிருப்போமா? திண்டுக்கல் பட்டறையில "கிளட்ச் போச்சு"ன்னு சொல்லியிருந்தா, "எங்க, காட்டுங்கண்ணே பார்ப்போம்"னு நானே கேட்டிருப்பேன். இங்க கேக்கல. நம்ம ஹிந்தி காய்கறி வாங்கப் போதும், ஆட்டோவுக்குப் போதும், மறுத்துப் பேசப் போதாது. தப்பா ஏதாவது பேசி 'மதராஸி'ன்னு சிரிச்சுடுவாங்களோன்னு ஒரு கூச்சம். படிச்ச வேலையில இருக்கோம், பதினோராயிரத்துக்குப் பேரம் பேசணுமான்னு ஒரு வெட்டி கௌரவம். இந்த ரெண்டுக்கும் நடுவுல "டீக் ஹை" தானா வாய்ல வந்துடுது. எனக்கு அந்த ரெண்டு வார்த்தையோட விலை 11,400 ரூபாயும் ஒரு திதியும்.

வழியில, வேத்து ஊர்ல ஏமாந்துட்டோம்னா அவ்வளவுதான்னு விட்டுடவும் வேண்டாம். முந்தைய சட்டப்படி எதிர்த்தரப்பு இருக்கிற ஊர்லயோ சம்பவம் நடந்த ஊர்லயோதான் நுகர்வோர் வழக்குப் போடணும். 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20லேர்ந்து அமலுக்கு வந்தது. அதுல நாம குடியிருக்கிற, இல்ல வேலை பார்க்கிற ஊர் மாவட்ட ஆணையத்துலயே புகார் குடுக்கலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல. ரெண்டு வருஷத்துக்குள்ள குடுக்கணும். முதல் படியா 1915ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் பண்ணலாம். ஆனா இதுக்கெல்லாம் கையில ஜாப் கார்டு, பில், பழைய பார்ட் வேணும். என்கிட்ட இருந்தது வெறும் 'கிளட்ச் ப்ராப்ளம்'.

கடைசியா நம்ம கால் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். ஒரே மாடல் வண்டியில ஒருத்தர் 30,000 கிலோமீட்டர்ல பிளேட்டைத் தீர்த்துடுவார், இன்னொருத்தர் 1 லட்சம் தாண்டி ஓட்டுவார். வித்தியாசம் இடது கால்ல இருக்கு. ஓட்டும்போது பெடல் மேலயே காலை வச்சிருந்தா ரிலீஸ் பேரிங் ஓயாம உழைக்கும், பிளேட்டும் லேசா வழுக்கும். ஏத்தத்துல சிக்னல்ல ஹாஃப் கிளட்ச்ல வண்டியை நிறுத்தி வைக்கிறது பிளேட்டைத் தோசைக்கல்லுல வைக்கிற மாதிரி. ஹேண்ட் பிரேக் எதுக்கு இருக்கு? நான் ஓட்டிப் பழகின காலத்துல அப்பா பக்கத்து சீட்டுல உக்காந்து என் இடது முட்டியைத் தட்டிக்கிட்டே வருவார், "கால எடு, கால எடு"ன்னு. அப்ப எரிச்சலா இருக்கும்.

"என் வண்டி ஆட்டோமேட்டிக், எனக்கு எதுக்கு இதெல்லாம்?"னு கேக்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல விக்கிற விலை குறைஞ்ச ஆட்டோமேட்டிக் நிறைய ஏஎம்டி வகை. அதுக்குள்ள இருக்கிறது இதே கிளட்ச் பிளேட்தான், மிதிக்கிறது மட்டும் காலுக்குப் பதிலா மெஷின். ஏத்தத்துல ஆக்ஸிலேட்டரை லேசா அமுக்கியே வண்டியை நிக்க வச்சீங்கன்னா அந்தப் பிளேட்டும் கருகும். பிரேக்கை மிதிச்சு நில்லுங்க.

சரி, பார்க்கிங்ல நின்ன திருநெல்வேலித் தம்பிக்கு வருவோம். இன்ஜினை அணைச்சுப் பார்த்தோம், கியர் எல்லாம் விழுந்துச்சு. ஸ்டார்ட் பண்ணினா கர்ர்ர். பம்ப் பண்ணினா விழுந்துச்சு. ஆயில் டப்பாவுல அளவு மினிமம் கோட்டுக்குக் கீழ. பெடல் பக்கம் காய்ஞ்சு இருந்துச்சு, கியர் பாக்ஸ் பக்கம் ஈரம். மறுநாள் என் ஸ்கூட்டர் பார்க்கிற மிஸ்திரி காகா சொன்ன ஒரு பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனேன். வெளிய மாட்டியிருக்கிற வகை ஸ்லேவ் சிலிண்டர், அதனால கியர் பாக்ஸை இறக்க வேண்டிய வேலையே இல்ல. நானா பேட்ல பார்ட் வாங்கி மாட்டி, காத்து எடுத்து, 2,300 ரூபாய் ஆச்சு. கசிஞ்ச பழைய சிலிண்டரைத் தம்பி கேட்டே வாங்கிக்கிட்டார்.

அவருக்கு அடுத்த மாசம் அக்கா கல்யாணம், கார்லதான் போறாராம். கிளம்புறதுக்கு முதல் நாள் மேட்டைத் தூக்கி ஒரு தடவை கையால தடவிப் பார்த்துட்டுக் கிளம்புங்கன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் இந்த லீவுல ஊருக்கு வண்டியை எடுக்கிறதா இருந்தா ஒரு தடவை குனிஞ்சு பார்த்துடுங்க மக்களே. கை காய்ஞ்சு வந்தா நிம்மதியாக் கிளம்புங்க.